பஸ்ஸில் மாற்றிய சட்டை: 'பரையா' என்ற சின்னப் படம் வந்த வழி

நள்ளிரவு தாண்டிய நியூயார்க் பஸ். கூட வந்த தோழி இறங்கிப் போயாயிற்று. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி தனியே உட்கார்ந்திருக்கிறாள். தொப்பியைக் கழற்றுகிறாள். தொளதொளவென்ற ஆம்பளைச் சட்டையைத் தலைவழியே உருவுகிறாள். உள்ளே உடம்போடு ஒட்டிய பனியன் இருக்கிறது. பைக்குள் கைவிட்டுத் துழாவித் தோடு எடுத்துக் காதில் மாட்டுகிறாள். கிளப்பிலிருந்து கிளம்பியது ஒருத்தி, வீட்டு வாசலில் இறங்கப்போவது இன்னொருத்தி. அந்த வாசலில் அம்மா தூங்காமல் காத்திருக்கிறாள்.

டீ ரீஸ் எழுதி இயக்கிய 'பரையா' படம் தொடங்கிச் சில நிமிடங்களுக்குள் இந்தக் காட்சி வந்துவிடுகிறது. 2011 ஜனவரியில் சன்டான்ஸ் என்ற அமெரிக்கத் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்ட, 86 நிமிடம் ஓடும் அமெரிக்கப் படம் இது. செலவு ஐந்து லட்சம் டாலருக்கும் குறைவு. ஹாலிவுட் கணக்கில் அது டீச்செலவு. புரூக்ளினில் நடுத்தர வர்க்கக் கறுப்பினக் குடும்பம் ஒன்று. அப்பா ஆர்தர் போலீஸ் துப்பறிவாளர். அம்மா ஆட்ரி வேலைக்குப் போகிறவர், சர்ச்சை விடாதவர். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் அலீகே நன்றாகப் படிக்கிறாள், கவிதை எழுதுகிறாள், பெண்களை விரும்புகிறாள்.

இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும் கதை' என்ற அடுக்கில் கொண்டுபோய் வைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தான் யாரை விரும்புகிறோம் என்பதில் அலீகேக்கு முதல் காட்சியிலிருந்தே குழப்பம் கிடையாது. எந்தச் சட்டையில் இருப்பது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் கதை, ஒளிப்பதிவு, படம் விற்ற விதம் எல்லாமே வேறு மாதிரி தெரிகின்றன. அதனால்தான் இந்த ஒரு படத்தைத் தனியாக எடுத்துப் பிரித்துப் பார்க்கத் தோன்றியது.

தலைப்பைத் தாண்டிப் போக முடியாது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். தமிழ் வாசகருக்கு இந்தத் தலைப்பு வேறு யாருக்கும் உறுத்தாத இடத்தில் உறுத்தும். 'ஒதுக்கப்பட்டவர்' என்ற பொருளில் ஆங்கிலம் புழங்கும் இந்தச் சொல் நம்மிடமிருந்து போனது. பறை அடிக்கும் மக்களைக் குறித்த 'பறையர்' என்ற சாதிப் பெயர் கிழக்குக் கரையில் வந்திறங்கிய ஐரோப்பியர் வாயில் மாறி, 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குள் போய்விட்டது. போன இடத்தில் சாதி உதிர்ந்தது, இழிவு மட்டும் ஒட்டிக்கொண்டது. ஒரு சமூகத்தின் பெயரை உலகம் முழுக்க வசைச்சொல்லாக வைத்துக்கொள்வது என்ன நியாயம் என்று தலித் எழுத்தாளர்கள் கேட்டுவருவது புதிதில்லை. புரூக்ளின் காதில் அந்தச் சொல்லுக்கு இந்த வரலாறு எதுவும் கேட்காது. நமக்குக் கேட்கும். சில வருடங்களுக்கு முன் நண்பர்கள் சிலர் சேர்ந்து இதை ஒரு மாடியறையில் திரையிட்டபோது, அழைப்பிதழில் தலைப்பை எப்படிப் போடுவது என்று அரை மணி நேரம் வாக்குவாதம். 'விலக்கப்பட்டவள்' என்று பெயர்க்கலாம் என்றார் ஒருவர். வேர் மறைந்துவிடும் என்றார் இன்னொருவர். கடைசியில் ஆங்கில உச்சரிப்பையே தமிழில் எழுதினோம். அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவர் இடையின 'ர'வை வல்லின 'ற' ஆக்கித் திருப்பி அனுப்பினார். அவரைத் தப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானூறு வருடப் பயணத்தை ஒரே எழுத்தில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார் மனிதர்.

சிறுவயது தாண்டிப் பெரியவராகும் கதைகளை அவர்கள் 'கமிங் ஆஃப் ஏஜ்' என்பார்கள், அந்த வகைக்கும் நம்மிடம் சரியான சொல் இல்லை. 'வயசுக்கு வர்றது' என்றால் நம் ஊரில் பந்தல், தாய்மாமன் சீர், ஃபிளெக்ஸ் பேனர். ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தச் சடங்கின் நடுவில் இருப்பதும் உடைதான். பாவாடை சட்டையைக் களைந்து புடவை சுற்றி, 'இனி நீ இது' என்று ஊர் பார்க்க உட்காரவைப்பது. இந்தப் படத்தின் அம்மா செய்வதும் ஏறக்குறைய அதுவே, பந்தல் மட்டும் இல்லை.

குறும்படமாகப் பிறந்தது

டீ ரீஸ் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லில் 1977இல் பிறந்தவர். சினிமா அவருக்கு இரண்டாவது வாழ்க்கை. புளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. முடித்துவிட்டுச் சந்தைப்படுத்தல் வேலையில் இருந்தார். டாக்டர் ஷோல்ஸ் என்ற கால் பராமரிப்புப் பொருளுக்கு விளம்பரப் படம் எடுத்த இடத்தில் நின்றபோதுதான், தனக்குப் பிடித்த வேலை கேமராவுக்குப் பின்னால் நடப்பது என்று புரிந்தது. வேலையை விட்டு நியூயார்க் பல்கலைக்கழகத் திரைப்படப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே பேர்பெற்ற கறுப்பின இயக்குநர் ஸ்பைக் லீ ஆசிரியர். அவருடைய 'இன்சைட் மேன்' படப்பிடிப்பில் பயிற்சியாளராக ஓடியாடிக்கொண்டிருந்த நாட்களில் 'பரையா'வின் முதல் வரைவை எழுதினார்.

கதை எங்கிருந்து வந்தது என்பதை அவர் மறைத்ததில்லை. தான் பெண்களை விரும்புகிறவள் என்று ரீஸ் தன் பெற்றோரிடம் சொன்னது இருபதுகளின் பிற்பகுதியில். அவர்கள் ஊரிலிருந்து கிளம்பி வந்து மகளை 'மீட்க'ப் பார்த்தார்கள். பைபிள் வசனங்கள் தபாலில் வந்தன. இருபத்தேழு வயதுக்காரியின் அனுபவத்தைப் பதினேழு வயதுப் பெண்ணுக்கு மாற்றியதில்தான் திரைக்கதையின் சாமர்த்தியம் இருக்கிறது. இருபத்தேழு வயதில் தனி வீடு இருக்கும், சம்பளம் இருக்கும், கதவைச் சாத்திக்கொள்ளலாம். பதினேழில் சாத்துவதற்குச் சொந்தமாக ஒரு கதவுகூடக் கிடையாது.

முழுநீளக் கதையாக எழுதியதை அப்படியே எடுக்கப் பணமில்லை. ஆகவே முதல் பகுதியை மட்டும் பிய்த்து, பட்டப்படிப்புக்கான 27 நிமிடக் குறும்படமாக 2007இல் எடுத்தார். அது நாற்பது விழாக்களுக்கு மேல் சுற்றிப் பரிசுகளை அள்ளியது. இதற்கு நடுவே சன்டான்ஸ் நிறுவனத்தின் திரைக்கதைப் பட்டறைக்கும் இயக்குநர் பட்டறைக்கும் கதை போய்வந்தது. ஆனாலும் குறும்படத்துக்கும் முழுப்படத்துக்கும் இடையே நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. தயாரிப்பாளர் நெகீசா கூப்பரும் ரீஸைப் போலப் பெருநிறுவன வேலையிலிருந்து வந்தவர். கணக்கு எழுதவும் கையில் காகிதத்தோடு முதலீட்டாளர் எதிரே உட்காரவும் இரண்டு பேருக்கும் தெரியும். பிரச்சினை கணக்கில் இல்லை. 'கறுப்பினப் பெண்', 'லெஸ்பியன்', 'பள்ளிப் பருவம்' என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னதும் எதிரே இருப்பவர் ஆர்வம் வடிந்துவிடும்.

இங்கே ஒரு தொழில் சூட்சுமத்தைக் கவனிக்கலாம். நம் ஊரில் குறும்படம் எடுப்பவர்கள் அதை விசிட்டிங் கார்டாகவே நினைக்கிறார்கள்: 'எனக்கு ஷாட் வைக்கத் தெரியும், பாருங்கள்.' ரீஸின் குறும்படம் வேறொன்றை நிரூபித்தது. இப்படி ஒரு பெண்ணை அரை மணி நேரம் பார்க்க நாற்பது ஊர்களில் ஆள் இருக்கிறார்கள் என்று காட்டியது. அலீகேயாக நடித்த அடிபேரோ ஒடூயேவும் தோழி லாராவாக நடித்த பெர்னெல் வாக்கரும் குறும்படத்திலிருந்து அப்படியே முழுப்படத்துக்கு வந்தார்கள். நான்கு ஆண்டுகள் ஒரே பாத்திரத்தோடு குடித்தனம் நடத்தியவர்கள் என்பது திரையில் தெரிகிறது. நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த ஒடூயே, கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் நோக்கிப் படித்துவிட்டு நடிப்புக்குத் திரும்பியவர். படம் வெளியானபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. இதை முன்கூட்டிச் சொல்லாமல் காட்டிப் பாருங்கள், யாரும் நம்ப மாட்டார்கள். தோளைக் கொஞ்சம் உள்ளே வளைத்து, எப்போதும் எங்காவது சாய்ந்து நிற்கிற அந்த நிற்பிலேயே பதினேழு வயது இருக்கிறது.

படப்பிடிப்பு புரூக்ளினின் ஃபோர்ட் கிரீன் பகுதியில் மூன்று வாரத்துக்குள் முடிந்தது. ஸ்பைக் லீ நிர்வாகத் தயாரிப்பாளராகப் பெயர் கொடுத்தார்.

ஊதா, பச்சை, இளஞ்சிவப்பு

பணமில்லாதவன் கையில் மிச்சமிருப்பது ஒளி. 'பரையா'வின் ஒளிப்பதிவாளர் பிராட்ஃபோர்ட் யங் இதைச் சமாளிப்பு வேலையாகச் செய்யவில்லை, கதை சொல்லும் வேலையாகச் செய்தார். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் எத்தியோப்பிய இயக்குநர் ஹைலே கெரிமாவிடம் படித்தவர் அவர்.

ரீஸும் அவரும் வைத்துக்கொண்ட திட்டம் எளிமையானது. அலீகே ஒரு பச்சோந்தி. போகிற இடத்தின் வெளிச்சம் அவள்மேல் பூசிக்கொள்ளும். கிளப்பில் இருந்தால் ஊதா. பஸ்ஸில் பச்சை. தன் படுக்கையறையில் இளஞ்சிவப்பு. அவளுக்கென்று ஒரு நிறம் படத்தின் பெரும்பகுதியில் கிடையாது. முதல் தடவை பார்க்கும்போது இது நினைவில் நிற்காது, நிற்கவும் கூடாது. இரண்டாம் தடவை ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தேன். கிளப் காட்சியில் லாரா அந்த ஊதாவில் மீன் மாதிரி நீந்துகிறாள், உடம்பு முழுக்க அந்த வெளிச்சத்துக்குப் பழகிய உடம்பு. பக்கத்தில் அலீகே முகத்தில் அதே ஊதா, கடன் வாங்கிய சட்டை மாதிரித் தொங்குகிறது. வசனமே வேண்டாம். இந்த இடமும் அவள் இடமில்லை என்று தெரிந்துவிடுகிறது.

கறுத்த தோலைப் படம்பிடிப்பதற்குப் பின்னால் பழைய வழக்கு ஒன்று உண்டு. கோடாக் நிறுவனம் பல ஆண்டுகள் புகைப்பட ஆய்வகங்களுக்கு அனுப்பிவைத்த 'ஷெர்லி அட்டை'யில் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் இருக்கும். அந்த முகத்தின் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. மற்ற தோல்கள் இருட்டுக்குள் கரைந்தால் அது படச்சுருளின் குறையாக எண்ணப்படவில்லை, தோலின் குறையாக எண்ணப்பட்டது. இதற்கு நம் ஸ்டூடியோக்கள் கண்ட மருந்து 'பான்கேக்' என்ற முகப்பூச்சு. யங் எதிர்த்திசையில் போகிறவர். வெளிச்சத்தைக் கூட்டி முகத்தை வெளுப்பாக்குவதில்லை. குறைந்த ஒளியிலேயே கன்னத்து எலும்பில் ஒரு கோடு, நெற்றியில் ஒரு மினுக்கம், அவ்வளவுதான். தோல் தன் ஆழத்தோடு அப்படியே இருக்கும். 2011 சன்டான்ஸில் அமெரிக்கக் கதைப்படப் போட்டிப் பிரிவின் ஒளிப்பதிவு விருது அவருக்குக் கிடைத்தது. பிற்பாடு 'அரைவல்' படத்துக்காக, ஒளிப்பதிவில் ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆனார்.

இரண்டு சீருடை

அம்மா கடைக்குப் போய் அலீகேக்கு மேல்சட்டை வாங்கிவருகிறாள். பெண்பிள்ளைத்தனமாக, உடம்பைக் காட்டுகிற மாதிரி. சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு வரவேண்டும். அலீகே முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் அம்மாவின் சீருடை. அந்தப் பக்கம் லாராவின் சீருடை: தொப்பி, பெரிய சட்டை, ஆண்பிள்ளை நடை, கிளப்பில் பெண்களிடம் பேசும் தோரணை. லாராவுக்கு அது சொந்த உடை, பிரச்சினையில்லை. அலீகேக்கு அதுவும் வேஷம். சுதந்திரமான கூட்டம் என்று நாம் நினைக்கும் இடத்திலும் ஒரு சீருடை தயாராக இருக்கிறது என்பதைப் படம் கூசாமல் சொல்கிறது. இந்த வகைப் படங்களில் இது அரிது. பெரும்பாலானவை வீட்டைச் சிறையாகவும் வெளியை வானமாகவும் காட்டிவிட்டுப் போய்விடும்.

மகளை லாராவிடமிருந்து பிரிக்க அம்மா ஒரு வழி கண்டுபிடிக்கிறாள். சர்ச்சில் தெரிந்தவர் பெண் பீனா, நல்ல பெண், அவளோடு பழகு என்று கட்டாயப்படுத்துகிறாள். பீனாவோ அலீகேக்குப் புது இசை காட்டுகிறாள், கவிதை கேட்கிறாள், முத்தமும் கொடுக்கிறாள். அம்மா கைப்பிடித்துக் கொண்டுபோய் விட்ட இடத்திலேயே மகளுக்குக் காதல் வருகிறது. இந்தக் கேலியில் ரீஸின் நகைச்சுவை தெரிகிறது. ஆனால் விடிந்ததும் பீனா கை கழுவிவிடுகிறாள். நான் ஒன்றும் அப்படிப்பட்டவள் இல்லை, சும்மாதான், யாரிடமும் சொல்லாதே. அவளுக்கு அது ஒரு நாள் போட்டுக் கழற்றும் உடை.

பீனா பகுதி அவசரமாக முடிகிறது என்பது என் கருத்து. அவளுக்கு இன்னும் இரண்டு காட்சி இருந்திருந்தால், அவளும் பயந்துபோன பதினேழு வயதுக்காரிதான் என்று தெரிந்திருக்கும். அப்பாவின் வேறு உறவு பற்றிய இழையும் அரைகுறையாகவே தொங்குகிறது.

அம்மா விஷயத்தில் ரீஸ் அந்தத் தவறைச் செய்யவில்லை. கிம் வேயன்ஸ் தொலைக்காட்சி நகைச்சுவையில் பேர் எடுத்தவர், சிரிப்புக்குப் பேர்போன குடும்பம். அவரை ஆட்ரியாகப் போட்டது துணிச்சல். வேலை செய்யும் இடத்தில் ஆட்ரியைச் சக ஊழியர்கள் பேச்சில் சேர்த்துக்கொள்வதில்லை. கணவன் வீட்டுக்கு எப்போது வருவான், எங்கே போய் வருகிறான் என்று கேட்டால் பதில் இல்லை. மகள்கள் அப்பா பக்கம் சாய்கிறார்கள். அந்த வீட்டில் உண்மையில் ஒதுக்கப்பட்டவள் யார் என்று ஒரு கட்டத்தில் தலைப்பே திரும்பிக் கேட்கிறது. இதனால் அவள் செய்வது நியாயமாகிவிடாது. ஆனால் அவள் கையோங்கும்போது அந்தக் கை எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும்.

அப்பா வேறு வகை. சாராயக் கடையில் ஆண்கள் கூடிப் பெண்களைப் பற்றிப் பேசும்போது, அவர் மகளின் பேர் வரக்கூடிய தூரத்தில் பேச்சு வந்து நிற்கிறது. அவருக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொள்கிறார். நம் வீடுகளில் இந்த அப்பாவை நிறையப் பேர் பார்த்திருப்போம். அடிக்க மாட்டார், திட்ட மாட்டார், மகள் வாயைத் திறக்கப் போகிறாள் என்று தெரிந்தால் பேச்சை மாற்றிவிடுவார். அன்பு இருக்கிறது, ஆனால் மகள் பொய் சொன்னால்தான் அந்த அன்பு நிம்மதியாகத் தூங்கும்.

இரவில் பெற்றோர் சண்டை சுவரைத் தாண்டி வரும்போது தங்கை ஷரோண்டா வந்து அக்காவின் படுக்கையில் ஏறிப் படுத்துக்கொள்கிறாள். படம் முழுக்க நச்சரிக்கும் பெண் அவள். எனக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை, உனக்குத் தெரியும்தானே என்கிற பொருளில் இருட்டில் ஒரு வாக்கியம் சொல்கிறாள். வீட்டில் அலீகேயை ஏற்றுக்கொண்டு யாராவது சொல்லும் முதல் சொல் அது. அதைச் சொல்வது வீட்டிலேயே சின்னவள்.

பிறகு அந்தச் சண்டை. அம்மா தூண்ட, அப்பா மறுக்கச் சொல்லிக் கெஞ்ச, அலீகே சொல்லிவிடுகிறாள். அம்மா மேலே விழுந்து அடிக்கிறாள், அப்பா இழுத்துப் பிடிக்கப் பார்க்கிறார். அலீகே லாரா வீட்டுக்குப் போய்ச் சேர்கிறாள்.

லாராவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த எழுத்து பாதிதான். அவளை அவள் அம்மா முன்பே துரத்திவிட்டார். அக்காவோடு தங்கி, வேலை பார்த்து, பள்ளிப் படிப்புக்கு இணையான தேர்வை எழுதித் தேறுகிறாள். அதைச் சொல்ல அம்மா வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். கதவு திறக்கிறது. லாரா நல்லபடியாக இருக்கிறேன், தேறிவிட்டேன் என்று சொல்கிறாள். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கதவு மூடுகிறது. இரண்டு நிமிடம்கூட இருக்காது. அலீகே வீட்டுச் சண்டையில் கத்தலும் அடியும் இருந்தன. இங்கே எதுவுமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. எங்கள் மாடியறைத் திரையிடலில் யாரோ ஒருவர் எழுந்து வெளியே போனது இந்த இடத்தில்தான். திரும்பி வந்தவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கல்லாப்பெட்டி

சன்டான்ஸ் திரையிடலுக்குப் பின் ஃபோகஸ் ஃபீச்சர்ஸ் படத்தை வாங்கியது. 2011 டிசம்பர் 28, ஆண்டின் கடைசி வாரம், அமெரிக்காவில் நான்கே திரையரங்குகளில் வெளியீடு. பிறகு கொஞ்சம் கூடியது, கொஞ்சம்தான். மொத்த வசூல் எட்டு லட்சம் டாலரைத் தொடவில்லை. செலவோடு ஒப்பிட்டால் தோல்வி என்று சொல்ல முடியாது. வெற்றி என்று சொல்லவும் யாருக்கும் மனம் வராது.

தணிக்கைச் சான்று 'ஆர்'. பதினேழு வயதுக்குக் கீழே இருப்பவர் பெரியவர் துணையோடுதான் திரையரங்குக்குள் போக முடியும். அலீகேயைப் போன்ற ஒரு பதினாறு வயதுப் பெண் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஆட்ரியைக் கையோடு கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

அதே 2011இல் 'தி ஹெல்ப்' வெளியாகி அமெரிக்காவில் மட்டும் 16 கோடி டாலருக்கு மேல் அள்ளியது. கறுப்பினப் பணிப்பெண்களின் கதையை ஒரு வெள்ளைக்காரப் பெண் எழுதி எடுத்துக்காட்டும் படம் அது. நடித்தவர்கள் அருமையாக நடித்தார்கள், ஆக்டேவியா ஸ்பென்சருக்கு ஆஸ்கர் கிடைத்ததில் எனக்குக் குறையில்லை. ஆனால் சமையலறை ஏப்ரன் போட்ட கறுப்பினப் பெண்ணைப் பார்க்கக் கூட்டம் இருந்தது, தொப்பியைத் திருப்பிப் போட்டுப் பஸ்ஸில் உட்கார்ந்த கறுப்பினப் பெண்ணைப் பார்க்க நான்கு அரங்கம் போதுமென்று சந்தை முடிவு செய்தது. இங்கேயும் உடைதான்.

'பரையா'வுக்கு ஆஸ்கர் பரிந்துரை ஒன்றுகூட இல்லை. 2012 ஜனவரியில் கோல்டன் குளோப் மேடையில் தன் விருதைக் கையில் வைத்துக்கொண்டு மெரில் ஸ்ட்ரீப், பேசப்படாமல் போன நடிப்புகளில் ஒன்றாக அடிபேரோ ஒடூயேவின் பெயரைச் சொன்னார். ஐந்து லட்சம் டாலருக்குள் எடுத்த படங்களுக்கென்றே இண்டிபெண்டன்ட் ஸ்பிரிட் விருதுகளில் இருக்கும் ஜான் கசவேட்டிஸ் விருது படத்துக்குக் கிடைத்தது. சுயாதீனப் படங்களுக்கான காத்தம் விருதுகளில் அறிமுக இயக்குநர் விருது ரீஸுக்கு.

அதற்குப் பிறகு நடந்தது மெதுவாக நடந்தது. ரீஸ் 2015இல் எச்.பி.ஓ.வுக்காக 'பெஸ்ஸி' எடுத்தார், 2017இல் 'மட்பவுண்ட்'. 'மட்பவுண்ட்' திரைக்கதைக்கு அவருக்கு ஆஸ்கர் பரிந்துரை வந்தது. 'பரையா'வில் பாடிய தமார் காலியைத்தான் 'மட்பவுண்டு'க்கு இசையமைக்க வைத்தார், கூட வந்தவர்களை விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. 2021இல், தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் வட்டாகப் போடும் கிரைடீரியன் நிறுவனம் 'பரையா'வை வெளியிட்டது. 2022இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அதைச் சேர்த்தது. பத்து வயது முடிந்த படங்களைத்தான் அதில் எடுப்பார்கள், வருடத்துக்கு இருபத்தைந்து. வயது கூடியதும் உடனே கதவு திறந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

மீண்டும் பஸ்

அடிபட்ட பிறகு அப்பா அலீகேயைத் தேடி வருகிறார். மொட்டை மாடியில் சந்திப்பு. வீட்டுக்கு வா, இனிமேல் மாறிவிடும் என்கிறார். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பது குரலில் தெரிகிறது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் எழுத்துப் படிப்பில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது, பள்ளி முடியும் முன்பே போகலாம். நான் ஓடவில்லை, தேர்ந்தெடுக்கிறேன் என்கிறாள். அம்மாவைப் பார்க்கப் போகிறாள். உன்மேல் எனக்கு அன்பு இருக்கிறது என்கிறாள். அம்மா சொல்லும் பதில்: உனக்காகப் பிரார்த்திக்கிறேன். 'நானும்' என்ற ஒரு சொல் வந்திருக்க வேண்டிய இடம் அது.

பெர்க்லி இடம் கொஞ்சம் சௌகரியமாகவே வந்து சேர்கிறது என்று முணுமுணுக்கலாம். எல்லா அலீகேக்களுக்கும் கவிதை வராது, கவிதை வந்தாலும் சீட் கிடைக்காது. ரீஸுக்கு அது தெரிந்திருக்கிறது. அதனால்தான் லாராவைப் படத்தில் வைத்திருக்கிறார். லாராவுக்கு பெர்க்லி இல்லை. அவள் அதே புரூக்ளினில், அதே வாடகை வீட்டில், அதே மூடிய கதவுக்குச் சில தெரு தள்ளித்தான் இருக்கப்போகிறாள்.

அலீகே பஸ்ஸில் ஏறுகிறாள். அம்மா வழியனுப்ப வரவில்லை. இந்த பஸ்ஸில் பச்சை வெளிச்சம் கிடையாது. ஜன்னல் வழியாக வெறும் பகல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுகிறது, முதல் தடவையாக எந்தச் சாயமும் பூசாமல். உடைந்த மனதைப் பற்றிய அவளுடைய கவிதையை அவள் குரலிலேயே கேட்கிறோம். மேற்கே போகும் நீண்ட பயணம், வழியில் எத்தனையோ நிறுத்தம். பையை அவள் திறக்கவில்லை.